அம்மாவின் எழுபதும் பினாங்குக் கடலும்

மணிவிழா (60), பீமரத சாந்தி (70), சதாபிஷேகம் (80) என்று வாழ்வில் சிறப்பாக எண்ணப்படும் வயதுகளை வெளிநாட்டுக் கடற்கரை நகரம் ஒன்றில் கொண்டாடலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பினாங்கைக் குறிப்பிட்டே எழுதப்பட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கும் அந்தப் பயணத்துக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

வாசகி, திருவாரூர்: என் தாயாருக்கு வரும் தை மாதம் 70 வயது நிறைகிறது. அவருடைய தந்தை நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்று, அங்கே ஒரு மளிகைக் கடையில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவர். அம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமலும் இருந்ததில்லை. நானும் அண்ணனும் அவரை ஐந்து நாள் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அண்ணன் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பதினேழு இடங்கள் இருக்கின்றன. எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: அந்தப் பதினேழு இடங்களைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் அன்போடுதான் அந்தப் பட்டியலை எழுதியிருப்பார். ஆனாலும் 70 வயது நிறையும் ஒருவருக்கான பயணத்தில் காலையில் ஓர் இடம், முடிந்தால் மாலையில் ஓர் இடம் என்பதற்கு மேல் போகக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் தந்தையாருக்கு 75 வயது நிறைந்தபோது ஒரு பயண நிறுவனத்தின் குழுவோடு அவரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றேன். பிறந்தநாளன்று மட்டும் ஐந்து இடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் என்று வழிகாட்டி அறிவிப்பார். அப்பா பேருந்துப் படியை விட்டு இறங்குவதற்குள்ளேயே அதில் ஐந்து நிமிடம் போய்விடும். மூன்றாவது இடத்தில், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அறையில் அவருடைய செருப்பைக் கழற்றியபோது, கணுக்கால் வீங்கி, வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது. நான் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்ட பிறகும் அந்தத் தடம் மறைய நெடுநேரம் ஆயிற்று. அவருடைய பிறந்தநாளை நான் அவருக்காகக் கொண்டாடவில்லை, கட்டிய பணத்துக்காகக் கொண்டாடினேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் தாயாரின் நடை எந்த வேகமோ, அந்த வேகத்திலேயே இந்த ஐந்து நாளும் நகரட்டும்.

உங்கள் தாயாருக்குப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் வேறொன்று இருக்க முடியாது. ரஜூலா 1926-இல் ஓடத் தொடங்கிய கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு சென்று, பிறகு சிங்கப்பூர் வரை போகும். 1970-களின் தொடக்கத்தில் அது ஓய்வு பெற்றபின் 'சிதம்பரம்' என்ற கப்பல் அதே வழியில் ஓடியது; 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிவுக்கு வந்தது. ஆகவே உங்கள் தாத்தா சென்ற வழியில் இன்று செல்ல இயலாது. ஆனால் அவர் வந்திறங்கிய துறைமுகத்தை உங்கள் தாயார் கடலிலிருந்தே பார்க்க முடியும். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கும் இடையே பயணிகள் படகு ஓடுகிறது. 1890-களிலிருந்து நடக்கும் இந்தப் படகுப் போக்குவரத்தில் 2023 முதல் குளிரூட்டப்பட்ட புதிய படகுகள் விடப்பட்டிருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. கடக்க வேண்டிய தூரமும் சுமார் 3 கிலோமீட்டர்தான். பிறந்தநாளன்று காலையில் அக்கரைக்குப் போய், உடனே அடுத்த படகில் திரும்பி வாருங்கள். திரும்பும்போது அம்மாவை முன்பக்கத்து இருக்கையில் அமரவைத்தால், கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்களும், அவற்றுக்குப் பின்னால் எழும் மலையும் மெல்ல மெல்லக் கிட்டே வருவதை அவர் காண்பார். 70 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊர் அப்படித்தான் அவருக்கு அறிமுகமாக வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டில் தாத்தா எழுதிய கடிதங்களோ, உறைகளோ, மணியார்டர் துண்டுகளோ இருந்தால் அவற்றைத் தேடி எடுத்து, முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூலக் கடிதங்களை வீட்டிலேயே பத்திரமாக விட்டுவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு செல்வது நல்லது. ஆங்கிலேயர் காலத்துத் தெருப்பெயர்கள் பல இன்று மலாயில் மாறியிருக்கின்றன. 'பிட் ஸ்ட்ரீட்' என்று உறையில் இருந்தால் அது இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். 'மார்க்கெட் ஸ்ட்ரீட்' என்றால் லெபோ பாசார். 'பீச் ஸ்ட்ரீட்' என்றால் லெபோ பந்தாய். இந்தக் கடைசித் தெருவில் நின்று கடலைத் தேடினால் தெரியாது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை கிழக்கே தள்ளிப் போய்விட்டது. மளிகைக் கடை என்பதால் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட், குவீன் ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரத்தில் அது இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. 'லிட்டில் இந்தியா' என்று இன்று சொல்லப்படுவது இந்தப் பகுதியைத்தான். நகரத்தார் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகள் இருந்ததும் இங்கேதான். அங்கே இப்போதும் கடை வைத்திருக்கும் முதியவர்களிடம் முகவரியைக் காட்டி, "ஐயா, இந்தக் கடை எங்கே இருந்தது?" என்று தமிழிலேயே கேட்கலாம். கடை கிடைக்காமல் போகலாம். அந்த விசாரிப்பே அம்மாவுக்கு ஒரு முற்பகல் முழுவதும் நிறைவாக அமையும்.

இன்னொரு முற்பகலுக்கு அந்த பிட் ஸ்ட்ரீட்டை வைத்துக்கொள்ளுங்கள். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவரான காதர் மைதீன் மரைக்காயர் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவுக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே சூலியா ஸ்ட்ரீட்டில் ஒரு சிறிய நாகூர் தர்காவும் உண்டு. திருவாரூர்க்காரர்களான உங்களுக்கு நாகூர் எவ்வளவு பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் நாகூர் ஆண்டவரையும் உடன் அழைத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதை அந்தச் சிறிய மினார்களைப் பார்க்கும்போது அம்மா தாமாகவே உணர்வார்.

மலைக்குப் போவதானால் பினாங்கு மலை ரயில் போதும். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த இழுவை ரயில் 2011-இல் புதுப்பிக்கப்பட்டது. ஏற வேண்டிய சிரமமே இல்லாமல் சில நிமிடங்களில் 700 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். விடுமுறை நாளில் வரிசை நீளும் என்பதால் வார நாளில், காலையிலேயே போய்விட வேண்டும். அண்ணனின் பட்டியலில் மீதமிருப்பவற்றை அவர் விடியற்காலையில் தனியாகச் சென்று பார்த்துவிட்டு வரட்டும்.

தை மாதம் பினாங்கில் மழை குறைந்த காலம் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்த நாட்களை ஒட்டியே வரும். அறைக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

வாசகர், மதுரை: எனக்கு 60 வயது நிறைகிறது. திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்ய வேண்டும் என்று என் அக்கா சொல்கிறார். பிள்ளைகளோ பினாங்குக்குப் பயணச்சீட்டு எடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஒன்றைச் செய்தால் மற்றவர் மனம் வருந்துவார். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் செய்யுங்கள் ஐயா. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதும் இல்லை. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுகளும் ஒரு சுற்று முடிந்து, நீங்கள் பிறந்த அதே பெயருடைய ஆண்டு திரும்ப வந்து, அதில் உங்கள் பிறந்த மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் கூடும் நாளே மணிவிழாவுக்கு உரிய நாள். பிள்ளைகள் கொண்டாட விரும்புவது பெரும்பாலும் ஆங்கிலத் தேதியாக இருக்கும். இரண்டும் பல நாள் தள்ளி வருவது வழக்கம் என்பதால், எந்தத் தேதி முன்னால் வருகிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொண்டபின் விமானச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் திருக்கடையூரில் அமிர்தகடேசுவரரையும் அபிராமியையும் வணங்கி, சுற்றத்தாரோடு அமர்ந்து உண்டு, அக்காவின் ஆசியைப் பெற்றபின், ஒரு வாரம் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு விமானம் ஏறுவதுதான் நல்லது. மணிவிழா என்பது உறவினருக்கும் ஊருக்கும் உரிய நாள். அன்று நீங்கள் வந்தவர்களை உபசரித்துக்கொண்டே இருப்பீர்கள், உங்கள் மனைவிக்கு உட்காரவும் நேரம் இருக்காது. பயணம் உங்கள் இருவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.

பினாங்கிலும் கோயிலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மனைவிக்கு இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். கால் ஒத்துழைக்காவிட்டால், அதே தண்ணீர்மலைச் சாலையில் சமதரையில் இருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் முருகன் கோயிலில் வழிபடலாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளித் தேர் இந்தக் கோயிலுக்குத்தான் வந்து சேர்கிறது. 1894-இல் செய்யப்பட்ட தேர் அது. வழியெங்கும் சீனர்களும் சிதறுதேங்காய் உடைப்பதைப் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் நெரிசல் மிகுந்த அந்த நாளை வயது முதிர்ந்தவர்களோடு செல்பவர்கள் தவிர்ப்பதே நல்லது.

வாசகி, கோயம்புத்தூர்: என் மாமியாரின் 65-வது பிறந்தநாளுக்கு அவருக்கே தெரியாமல் பயணத்தை ஏற்பாடு செய்து, விமான நிலையத்தில்தான் சொல்வதாக இருக்கிறோம். ஏதேனும் சிக்கல் வருமா?

பதில்: வரும். இந்த வயதில் அவர் உண்ணும் மருந்துகள், போட்டுக்கொள்ளும் செருப்பு, பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டிய சாவி, வாசலில் பால் போடுபவர், ஆடிவெள்ளியோ விரதமோ எது குறுக்கே வருகிறது என்பவை எல்லாம் அவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரிந்த கணக்குகள். விமான நிலையத்தில் திடீரென்று சொன்னால் மகிழ்வார் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவரோ வழி நெடுக எதை மறந்தோம் என்று யோசித்துக்கொண்டே வருவார். ஊருக்குப் போகிறோம் என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் அவர் அக்கம்பக்கத்தில் அதைப் பற்றிப் பேசி மகிழ்வதும் பயணத்தின் பகுதிதான். ஆச்சரியம் தர வேண்டுமென்றால் அங்கே போனபின் ஒரு சிறிய செயலில் தரலாம்: அவருடைய தங்கையை முன்கூட்டியே வரவழைத்து, காலை உணவு மேசையில் உட்காரவைத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாமியாரின் பாஸ்போர்ட்டை இன்றே திறந்து பெயரைப் பாருங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; முதலெழுத்தாக இருக்கும் தந்தை பெயரோ கணவர் பெயரோ சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் விரிவாக அச்சாகியிருக்கும், சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். வீட்டில் அழைக்கும் பெயரைப் போட்டுச் சீட்டு எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் திருத்தக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே சீட்டில் வரச் செய்யுங்கள். குடும்பப் பெயர் வெறுமையாக இருந்தால் எப்படி நிரப்புவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை தங்க மலேசியா விசா விலக்கு அளித்து, 2026 இறுதி வரை அதை நீட்டித்திருக்கிறது. நீங்கள் செல்லும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்றாலும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளத்துக்குப் போய்விட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வாசகர், சேலம்: நாங்கள் சுத்த சைவம். தந்தையாருக்கு 80 வயது. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பினாங்கு அசைவ உணவுக்குப் பெயர்பெற்றது என்கிறார்களே, அவர் என்ன சாப்பிடுவார்?

பதில்: சோறும் சாம்பாரும் வாழையிலையில் கிடைக்கும் ஊர் அது, லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, சைவச் சாப்பாடு எதற்கும் குறைவில்லை. அந்தப் பகுதிக்கு வெளியே சாப்பிடும்போதுதான் விழிப்பாக இருக்க வேண்டும். வெறும் கீரை வதக்கல் என்று தோன்றுவதிலும் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது சேர்ந்திருக்கக்கூடும்; புளிப்பாக மணக்கும் 'அசாம் லக்சா' மீன் குழம்பில் செய்வது. சீனர் நடத்தும் சைவ உணவகங்கள் நம்பிக்கைக்கு உரியவை. புத்த சமயத்தார் பலர் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. காவடிபோல் ஒரு தடியைத் தோளில் வைத்து, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் விற்றதிலிருந்து வந்த 'நாசி கண்டார்' பினாங்கின் பெருமை. உங்கள் வீட்டார் அதை உண்ணாவிட்டாலும் அந்தக் கதையை அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை எனக்கு உண்மையான கவலை தேநீரில்தான் இருக்கிறது. அங்கே 'தே' என்று மட்டும் கேட்டால் இனிப்பூட்டிய கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். "தே ஓ கொசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயா வரும்; "தே சி கொசோங்" என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலோடு வரும். 'கொசோங்' என்ற அந்த ஒரு சொல்லை அப்பாவே மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இன்சுலின் போடுபவரானால் முதல் நாளும் கடைசி நாளும் எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துகளைப் பெட்டியிலிருந்து பிரித்துக் கலக்காமல், மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். சற்றுக் கூடுதலாகக் கட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை. மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் அந்தக் காப்பீடு வெறும் காகிதமாகிவிடும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்பதைச் சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். "நான் நடப்பேன்" என்று அப்பா மறுப்பார். குடிநுழைவு வரிசையில் எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை எடுத்துச் சொன்னால் இசைவார்.

வாசகி, சென்னை: பத்து ஃபெரிங்கி கடற்கரையில் தங்குவதா, ஜார்ஜ் டவுனுக்குள் தங்குவதா? என் கணவரின் 60-வது பிறந்தநாளுக்குச் செல்கிறோம். அவருக்குக் கடல் பார்க்க வேண்டும்.

பதில்: கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்றால் பத்து ஃபெரிங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு ஊருக்குள் இருக்க வேண்டும் என்றால் ஜார்ஜ் டவுன். குளிப்பதற்கும் அது நம் எண்ணத்தில் இருக்கும் பளிங்குக் கடல் அல்ல. சொறிமுட்டைகள் (ஜெல்லி மீன்கள்) வரும் காலங்களில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். நகரத்துக்கும் அதற்கும் நடுவே தினமும் வண்டியில் போய் வருவது பெரியவர்களுக்குச் சோர்வு தரும் என்பதால் நான் நகரத்தையே சொல்வேன். நகரம் தீவின் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னாலிருந்து எழும். அதுவும் ஏழு மணி வாக்கில்தான். ஐந்து மணிக்கே எழுந்து பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் அவசரமில்லாமல் பல் துலக்கி, காபி குடித்து, எஸ்பிளனேட் கடலோரச் சுவரருகே போய் உட்கார்ந்து சூரியோதயம் காணலாம்.

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரத்துக்குள், நூறாண்டு கடந்த கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். அவற்றில் பல மின்தூக்கி இல்லாதவை. மாடிப்படி மரத்தால் ஆனது, செங்குத்தானது, ஒரு பாதம் முழுமையாகப் பதியாத அகலமே உடையது. தரைத்தள அறை கிடைக்குமா என்று கேட்டு, குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் மின்தூக்கி உள்ள சாதாரண ஓட்டலே மேல். தெருவில் நடக்கும்போதும் கவனம் வேண்டும்: கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைவழி உண்டு, நல்ல நிழல். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். பூக்கல் பதித்த வழவழப்பான தரை சட்டென்று முடிந்து, அரையடி கீழே சிமெண்டு தரை தொடங்கும். பக்கத்தில் மூடாத மழைநீர்க் கால்வாய் ஓடும். மேலே சுவரோவியத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் விழுந்துவிடுவோம். நின்று பாருங்கள், பிறகு நடங்கள்.

வாசகர், ஈரோடு: மனைவியின் 50-வது பிறந்தநாளன்று பினாங்கில் இருப்போம். ஓட்டலில் கேக் வெட்டுவதைத் தவிர வேறு எப்படிக் கொண்டாடலாம்?

பதில்: அந்த ஊரிலேயே பிறந்தநாளுக்கென்று ஒரு பலகாரம் இருக்கிறது. 'ஆங் கூ' என்று பெயர். சிவப்பு ஆமை என்று பொருள். ஒட்டரிசி மாவை மேல்தோலாக்கி, உள்ளே இனிப்புப் பாசிப்பருப்புப் பூரணம் வைத்து, ஆமை ஓட்டின் வடிவம் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, வாழையிலைத் துண்டின்மேல் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம் என்பதால் ஹொக்கியன் சீனர் வீடுகளில் பிறந்தநாளுக்குச் செய்கிறார்கள். நம் பூரணக் கொழுக்கட்டையை உண்டு வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. சந்தைகளில் காலையில் கிடைக்கும்; நான்கைந்து வாங்கிக்கொண்டு, கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகளான 'சியூ ஜெட்டி'க்கு வெயில் தணிந்த மாலையில் போங்கள். பலகைப் பாதையின் கடைசியில் கடலைப் பார்த்தபடி அமர்ந்து அவற்றை உண்ணலாம். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்த கதவு வழியே வீட்டுக்குள் படம் எடுக்கக் கூடாது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவில் நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் இன்னும் சிறப்பு. விண்ணரசரான ஜேட் பேரரசரின் பிறந்தநாளுக்காக அந்த ஜெட்டியின் முகப்பில் நீண்ட மேசைகளில் படையலிட்டு, முழுக் கரும்புகளைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பிய முன்னோரின் நினைவு அது என்று சொல்கிறார்கள்.

வாசகி, பொள்ளாச்சி: எனக்கு 69 வயது. அடுத்த பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் என்னைப் பினாங்குக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். இவ்வளவு செலவு எதற்கு என்று மறுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். என்னிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது.

பதில்: மறுக்காதீர்கள் அம்மா. பிள்ளைகளின் பணம் வீணாகிறதே என்று நீங்கள் எண்ணுவது எனக்குப் புரிகிறது. என் தாயாரும் இதையே சொன்னார்கள், நாங்களும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு அவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. செலவு உங்களை உறுத்தினால் அதைக் குறைக்கும் வழியைச் சொல்லுங்கள்: ஏழு நாளை நான்காக்கச் சொல்லுங்கள், கடல் தெரியும் அறை வேண்டாம், கடலருகே நடந்து போகும் அறை போதும் என்று சொல்லுங்கள். அதோடு, உங்களுக்கு அங்கே எது வேண்டும் என்பதையும் ஒன்றாவது சொல்லுங்கள். "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டால் அவர்கள் இஷ்டப்படி பதினேழு இடங்கள் பட்டியலில் ஏறிவிடும். கோயிலா, கடலா, மலை ரயிலா, ஒன்றுமில்லாமல் பேரப்பிள்ளைகளோடு நான்கு நாள் ஒரே அறையில் இருப்பதா, எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் இல்லை என்பது தடையே அல்ல. ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்காரர்களுக்குப் பள்ளியில் ஒரு தேதியும் வீட்டில் ஒரு தேதியுமாக இருப்பது சகஜம், அதைத் திருத்தத்தான் நாளாகும். காவல் நிலையச் சரிபார்ப்புக்கும் சில வாரங்கள் தேவைப்படலாம் என்பதால் இந்த வாரமே மகனை உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் சேவை மையத்துக்குப் போகும் நாளில் மூலச் சான்றிதழ்களை ஒரு துணிப்பையில் போட்டு நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.